இருபது கணினிக்கு ஒரே இமேஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னக் கணினிக் கடை. பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறை, இரண்டு டியூஷன் சென்டர், ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸ், இத்தனைக்கும் நான்தான் வைத்தியன். பள்ளி விடுமுறை தொடங்கினால் போன் ஓயாது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்கு இது மேல் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இமேஜ் என்றால் என்ன? போட்டோவா?

ஒரு வகையில் போட்டோதான். விண்டோஸோ லினக்ஸோ, அதன் மேல் போட்ட மென்பொருள், பிரிண்டர் டிரைவர், செட்டிங், எல்லாவற்றோடும் ஒரு டிஸ்க் இந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே கோப்பாகப் பிடித்து வைப்பது. தமிழில் படிமம் என்று எழுதலாம். கடைக்கு வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிடித்ததை இன்னொரு கணினியின் டிஸ்க்கில் இறக்கினால் அதுவும் முதல் கணினி மாதிரியே எழுந்து நிற்கும்.

பிடிப்பதில் இரண்டு வழி உண்டு. டிஸ்க்கில் எழுத்து விழுந்திருக்கும் கட்டங்களை அப்படியே எடுப்பது ஒன்று. குளோன்ஸில்லா இந்த வகை. கோப்பு கோப்பாக எடுத்து அடுக்குவது இன்னொன்று. மைக்ரோசாஃப்ட்டின் விம் கோப்பு அந்த வகை, விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் சிடிக்குள்ளேயே அதுதான் இருக்கிறது.

முன்பெல்லாம் "கோஸ்ட் போடுவது" என்பார்களே, அதுவும் இதுதானா?

அதேதான். கோஸ்ட் நியூசிலாந்தில் பிறந்த மென்பொருள். 1998-இல் சைமன்டெக் வாங்கியது, 2013-இல் நார்ட்டன் கோஸ்ட் விற்பனையை நிறுத்திவிட்டது. பெயர் மட்டும் கடைகளில் ஆவியாக உலாவுகிறது. இன்றைக்கும் ஒரு வாடிக்கையாளர் "தம்பி, கோஸ்ட் போட்டுக் கொடு" என்றுதான் மடிக்கணினியை மேசையில் வைப்பார்.

ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக விண்டோஸ் போட்டால் என்ன கெட்டுப்போகும்?

மூன்று கணினி என்றால் ஒன்றும் கெடாது, கையாலேயே போடுங்கள். இமேஜ் எடுத்துப் போடுவதைவிட அது சீக்கிரம் முடியும். பத்தைத் தாண்டினால்தான் கணக்கு மாறும். விண்டோஸ், அப்டேட், ஆபீஸ், தமிழ் விசைப்பலகை, பிரிண்டர் என்று ஒரு கணினிக்கே அரை நாள் போகும். அதைவிடப் பெரிய தொல்லை, பதினாலாவது கணினியில் நமக்குக் கை சலித்து ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எது விட்டுப்போனது என்று நான்கு மாதம் கழித்து ஒரு டீச்சர் போன் செய்யும்போதுதான் தெரியும்.

அண்ணே, எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள்?

குளோன்ஸில்லா. தைவானில் உருவானது, இலவசம், பென்டிரைவிலிருந்தே ஓடும். முகம் பார்க்க அழகாக இருக்காது. நீலத் திரையில் வெறும் எழுத்துப் பெட்டிகள், அம்புக்குறிகளை வைத்துத்தான் நகர வேண்டும். ஆனால் டிஸ்க்கில் உண்மையிலேயே தரவு இருக்கும் கட்டங்களை மட்டும் எடுத்துச் சுருக்கி வைக்கும். 256 ஜிபி டிஸ்க்காக இருந்தாலும் பள்ளிக்கு நான் எடுக்கும் இமேஜ் 18 ஜிபி அளவில் அடங்கிவிடுகிறது.

ஐம்பது, நூறு கணினி இருக்கும் இடத்துக்கு ஃபாக் என்ற இலவசத் திட்டம் இருக்கிறது. லினக்ஸ் சர்வர் ஒன்று நிரந்தரமாக ஓடும், பிரவுசரிலேயே எல்லாவற்றையும் நடத்தலாம். நம் ஊர் அளவுக்கு அது திருமணத்துக்கு வைக்கும் அண்டாவில் தேநீர் போடுவது போல.

தாய்க் கணினியில் என்னென்ன போட வேண்டும்?

இமேஜ் எடுக்கும் முதல் கணினியைத்தான் தாய்க் கணினி என்கிறேன். என்னைக் கேட்டால் மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. நகல் எடுப்பதை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூடச் செய்யும்.

எங்கள் கடைக்கு எதிரே தேநீர் குடிக்க வரும் பெரியவர் ஒருவர் முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் செய்வதை விளக்கிச் சொன்னபோது, "இது கண் ஒட்டுப் போடுகிற வேலைதானே" என்றார், அதாவது நல்ல மரத்தின் மொட்டை எடுத்து வேறு கன்றுகளில் ஒட்டுவது. சரியாகப் பிடித்துவிட்டார். ஆர்ஆர்ஐஎம் 600 மாதிரி ஒரு ரப்பர் ரகத்தை நிரை நிரையாக நட்டால் எல்லா மரமும் ஒரே மரத்தின் பிள்ளைகள். பால் நன்றாக வந்தால் எல்லாவற்றிலும் வரும், தாய் மரம் ஒரு நோய்க்கு இளைத்தது என்றால் நிரை முழுக்க இளைக்கும். போன வருடம் தாய்க் கணினியில் நேர மண்டலத்தை மாற்ற மறந்தேன். இருபத்திரண்டு கணினியும் அமெரிக்க நேரத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அதனால் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் வைத்திருக்கிறேன். தாயில் எதைத் தொட்டாலும் தேதி போட்டு எழுதுவேன். விண்டோஸ் போட்டு முதல் திரை வந்தவுடன், பெயரும் நாடும் கேட்கும் அந்த இடத்தில், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஆடிட் மோட் என்ற நிலைக்குப் போகும். யாருடைய கணக்கும் உருவாகாமல் நிர்வாகியாக உள்ளே இருந்தபடி மென்பொருள் போடலாம். அப்புறம் அப்டேட் முழுக்க ஓடட்டும். ஆபீஸ், பிரவுசர், பிடிஎஃப் படிப்பான். தமிழுக்கு விண்டோஸோடு வரும் விசைப்பலகையைச் சேர்ப்பேன். ஆசிரியர்கள் பலருக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல்தான் கைக்குப் பழக்கம், பள்ளியிடம் உரிமம் இருந்தால் அதையும் போடுவேன்.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவே மாட்டார்கள்: பழைய எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முன் தட்டச்சு செய்த தேர்வுத்தாள்கள் ஆசிரியர்களிடம் பென்டிரைவ் பென்டிரைவாக இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் போய் வெறும் கோணல் குறிகள் நிற்கும். இமேஜ் எடுப்பதற்கு முன் நான் மூத்த ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு அவருடைய பழைய தாள்களில் நாலைந்தைத் திறந்து பார்க்கச் சொல்வேன். அரை மணி நேரம் போகும், ஆனால் அடுத்த ஆறு மாதத்துக்கு போன் வராது.

எதைப் போடக்கூடாது? யாருடைய மின்னஞ்சலும், கடவுச்சொல்லும், பிரவுசரில் சேமித்த எதுவும். அது இருபது கணினிக்கும் போய்ச் சேரும்.

சிஸ்பிரெப் கட்டாயமா? அது இல்லாமலும் நகல் ஓடுகிறதே?

ஓடும். அதனால்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சிஸ்பிரெப் என்பது நகல் எடுப்பதற்கு முன் அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களைத் துடைக்கும் கருவி, விண்டோஸோடே வருகிறது. ஒவ்வொரு விண்டோஸுக்கும் உள்ளே எஸ்ஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு, அடையாள அட்டை எண் மாதிரி. நேராக நகல் எடுத்தால் இருபது கணினிக்கும் ஒரே எண். 2009-இல் மைக்ரோசாஃப்ட்டின் மார்க் ருசினோவிச், இந்த எண்ணை மாற்றத் தானே எழுதிய நியூஎஸ்ஐடி என்ற கருவியை நிறுத்திவிட்டு, ஒரே எண் இருந்தால் ஆபத்து என்பது கட்டுக்கதை என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு பலரும் சிஸ்பிரெப்பைக் கைவிட்டார்கள். சிஸ்பிரெப் செய்த நகலுக்குத்தான் எங்கள் ஆதரவு என்று மைக்ரோசாஃப்ட் அப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அந்தக் கடன் வந்து கதவைத் தட்டுகிறது. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளும் சர்வர் 2025-உம் இந்த எண்ணைச் சோதிக்கின்றன. ஒரே எண் கொண்ட இரண்டு கணினிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையப் பார்த்தால், பகிர்ந்த கோப்புறையைத் திறப்பதோ தொலைவிலிருந்து இணைவதோ, கடவுச்சொல் சரியாக இருந்தாலும் மறுத்துவிடும். அப்படிச் சிக்கியிருக்கிறவர்களுக்கு நோகாத வழி கிடையாது, சிஸ்பிரெப் செய்த இமேஜிலிருந்து மறுபடி போட வேண்டியதுதான்.

செய்வது சுலபம். சிஸ்பிரெப்பைத் திறந்து, ஜெனரலைஸ் என்பதில் டிக் போட்டு, ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ஷட்டவுன் தேர்ந்தெடுங்கள். கணினி அணைந்த பிறகு அடுத்த முறை பவர் பட்டனை அழுத்தும்போது அது குளோன்ஸில்லா பென்டிரைவிலிருந்துதான் எழ வேண்டும். விண்டோஸுக்குள் போய்விட்டால் புதுக் கணினி மாதிரி தன்னை அமைத்துக்கொள்ளத் தொடங்கும், சிஸ்பிரெப் செய்தது வீண். நான் ஒரு முறை பூட் வரிசையை மாற்றாமல் பட்டனை அழுத்திவிட்டு ரொட்டி சானாய் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது "உங்கள் நாடு எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து சிஸ்பிரெப்புக்கு முன்னாலேயே ஓர் இமேஜ் எடுத்து வைத்துக்கொள்கிறேன். தவறினால் அதிலிருந்து மறுபடி தொடங்கலாம், அடுத்த வருட அப்டேட்டுக்கும் அதுவே அடிப்படை.

லினக்ஸிலும் இதே கதை உண்டு. எட்சி கோப்புறையில் உள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கிவிட்டு இமேஜ் எடுங்கள். அழிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் நீக்குங்கள். இல்லையென்றால் சில லினக்ஸ் வகைகளில் எல்லாக் கணினியும் ஒரே ஐபி முகவரிக்கு, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கணினியைக் காட்டும் எண்ணுக்கு, மல்லுக்கட்டும்.

சிஸ்பிரெப் பாதியிலேயே நின்று, "விண்டோஸைச் சரிபார்க்க முடியவில்லை" என்கிறது.

பத்துக்கு எட்டு முறை காரணம் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப். ஒரு பயனருக்கு மட்டும் பதிவாகி, எல்லாருக்கும் பதிவாகாத ஆப் இருந்தால் அது முரண்டு பிடிக்கும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, சிஸ்பிரெப், பேந்தர் என்று போனால் செட்அப்ஆக்ட் என்ற லாக் கோப்பு கிடைக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் அந்த ஆப்பின் பெயரே இருக்கும், நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தாயைத் தயார் செய்யும்போது இணையக் கம்பியைப் பிடுங்கி வைத்தால் ஸ்டோர் தானாக எதையும் அப்டேட் செய்யாது. அப்டேட்டுக்கு மட்டும் மாட்டுங்கள், முடிந்ததும் பிடுங்குங்கள்.

18 ஜிபி வரும் என்றீர்கள். எனக்கு 230 ஜிபி வந்திருக்கிறது!

காரணம் பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11 24எச்2-ஐப் புதிதாகப் போட்டால் பல கணினிகளில் டிஸ்க் பூட்டுதல் தானாகவே தொடங்கிவிடுகிறது. பூட்டிய டிஸ்க்கில் எந்தக் கட்டத்தில் எழுத்து இருக்கிறது, எது காலி என்று குளோன்ஸில்லாவுக்குத் தெரியாது. அதனால் காலி இடத்தையும் சேர்த்து முழுசாக அள்ளுகிறது. செட்டிங்கில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, பூட்டு முழுக்க அவிழும்வரை காத்திருந்து, பிறகு எடுங்கள். பூட்டு இருந்தால் சிஸ்பிரெப்பும் ஓடாது.

இன்னொன்று: சாதாரணமாக ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால்தான் முழுசாக அணையும்.

பென்டிரைவில் ஒவ்வொன்றாகப் போடுவதா, நெட்வொர்க்கில் எல்லாவற்றுக்கும் சேர்த்து அனுப்புவதா?

ஐந்தாறு கணினிக்கு பென்டிரைவ் போதும், அதற்கு மேல் நெட்வொர்க். ஆனால் எப்படி அனுப்புகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பள்ளியில் இருந்த ஸ்விட்ச், அதாவது கணினிகளின் நெட்வொர்க் கம்பிகளை இணைக்கும் பெட்டி, பழையது, 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்). பைட் கணக்கில் உண்மையில் நொடிக்கு 11 எம்பி போகும். 18 ஜிபி இமேஜ் ஒரு கணினிக்குப் போக 27 நிமிடம். இருபது கணினிக்கும் தனித்தனி நகல் அனுப்பினால் எல்லாம் சர்வரின் ஒரே கம்பி வழியாகத்தான் போக வேண்டும், ஒன்பது மணி நேரம் ஆகும். மல்டிகாஸ்ட் என்பது வேறு வகை. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி ஒரு முறை குரல் கொடுத்தால் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும் இல்லையா, அப்படி. சர்வர் ஒரு முறைதான் அனுப்பும், இருபதும் சேர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளும். இருபதுக்கும் அதே 27 நிமிடம்தான், கொஞ்சம் கூடலாம். ஒரே நிபந்தனை, எல்லாரும் மெதுவாக எழுதுகிறவனுக்காகக் காத்திருப்பார்கள். ஒரு கணினியின் டிஸ்க் நோஞ்சானாக இருந்தால் அறை முழுக்க இழுக்கும். அப்படி ஒன்று தெரிந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், அதற்கு அப்புறம் தனியாகப் போடலாம்.

குளோன்ஸில்லாவின் லைட் சர்வர் முறையில் ஒரு மடிக்கணினியே சர்வர் ஆகிவிடும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். மற்ற கணினிகளை பிஎக்ஸ்இ மூலம், அதாவது டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க் கம்பி வழியாக எழும்படி பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரையில், மாற்றினால் போதும்.

வைஃபையில் செய்யலாமா?

வேண்டாம். மல்டிகாஸ்ட்டை வைஃபை தன் மிக மெதுவான வேகத்தில்தான் அனுப்பும். கம்பி, ஸ்விட்ச், முடிந்தால் கிகாபிட்.

ஆபீஸ் நெட்வொர்க்கிலேயே சர்வரை மாட்டிவிடலாமா?

என் அனுபவத்தைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். ஓர் ஆபீஸில் அப்படித்தான் மாட்டினேன். என் மடிக்கணினி ஐபி முகவரி கொடுக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. ஏற்கெனவே ரவுட்டர் ஒன்று அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் மேனேஜரின் பிரிண்டர் வேலை செய்யவில்லை, கணக்குப் பிரிவில் இணையம் போனது. சம்பள நாள் வேறு. இப்போதெல்லாம் தனி ஸ்விட்ச் ஒன்றைப் பையில் எடுத்துப் போகிறேன். இமேஜ் போடும் கணினிகள், சர்வர், அந்த ஸ்விட்ச், இவை மட்டும் தனித் தீவாக இருக்க வேண்டும்.

மழைக்காலத்து மதியத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்து இடி தெரியும்தானே. மின்சாரம் டிரிப் ஆனால் பாதி எழுதிய டிஸ்க் எதற்கும் உதவாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் ஒரு யுபிஎஸ் இருந்தால் நல்லது.

இமேஜ் இறங்கிவிட்டது, ஆனால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கிறது.

திரையில் இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ் என்று வந்தால் முதலில் பயாஸில் டிஸ்க் கட்டுப்பாட்டு முறையைப் பாருங்கள். தாய்க் கணினி ஏஎச்சிஐ முறையில் இருந்து, இது இன்டெல்லின் ரெய்டு முறையில் இருந்தால் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிவிட்டு இமேஜ் போடுவதுதான் நல்லது. பழைய பயாஸ் முறையில் எடுத்த இமேஜை யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் எழும் கணினியில் இறக்கினாலும் எழாது. அதற்குத் தனி இமேஜ் எடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

தாய்க்கு 512 ஜிபி, பிள்ளைக்கு 256 ஜிபி. போடலாமா?

குளோன்ஸில்லா சாதாரணமாக ஒப்புக்கொள்ளாது. தாயிலேயே பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் பிரிவை, சுருக்கி எடுக்க வேண்டும். இருப்பதிலேயே சின்ன டிஸ்க் உள்ள கணினியைத் தாயாக்கினால் இந்தத் தலைவலியே இல்லை. பெரிய டிஸ்க்கில் மிச்சம் கிடக்கும் இடத்தைப் பிறகு நீட்டிக்கொள்ளலாம்.

லைசென்ஸ்? எல்லாம் தானாக ஆக்டிவேட் ஆகிவிடுகிறதே.

ஆக்டிவேட் ஆவது வேறு, உரிமை இருப்பது வேறு. கடையில் வாங்கிய கணினியோடு வரும் விண்டோஸ் அந்தக் கணினிக்கு மட்டும். அதன் சாவி மதர்போர்டிலேயே இருப்பதால் அதே பதிப்பைப் போட்டால் தானாக விழித்துக்கொள்ளும். ஆனால் ஒரே இமேஜைப் பல கணினிக்குப் போடும் உரிமை, நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸோடுதான் வருகிறது. பள்ளியும் நிறுவனமும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வது நல்லது. ஹோம் பதிப்பு வாங்கிய கணினியில் புரோ இமேஜ் போட்டால் ஆக்டிவேட்டும் ஆகாது. "கிராக்" போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு: இருபது கணினிக்கும் வைரஸை ஒரே நாளில் பரப்ப அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எங்கள் கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். டியூஷன் சென்டர் ஒன்றில் பதினொரு பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் இமேஜ் போட்டேன். லினக்ஸ் இமேஜுக்கு டிரைவர் தொல்லை குறைவு, மூன்று வகை மதர்போர்டிலும் ஒரே இமேஜ் எழுந்தது. பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். பெற்றோர்தான் "ஸ்டார்ட் பட்டன் எங்கே?" என்று கேட்டார்கள்.

தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) போடும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி. மென்பொருளின் சிடி தொலைந்துவிட்டது, அதைச் செய்தவரும் இல்லை. காப்பாற்ற முடியுமா?

இது கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், ஒருவர் கேட்டது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முடியும், ஆனால் இன்றைக்கே. டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் கணினியைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் வேறு நல்ல டிஸ்க்குக்கு முழுசாக நகலெடுங்கள். அது படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். இங்கே சிஸ்பிரெப் கூடவே கூடாது, நமக்கு வேண்டியது அந்த ஒரே கணினி அப்படியே.

பிறகு அந்த நகலை விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஒரு மென்பொருளுக்குள் மெய்நிகர் கணினியாக ஓட்டலாம். இரண்டு இடத்தில் இடறும். புது வன்பொருள் என்று நினைத்து எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். மென்பொருளுக்கு டாங்கிள், அதாவது பின்னால் மாட்டும் சாவித் துண்டு இருந்தால் அதையும் மெய்நிகர் கணினிக்குக் காட்ட வேண்டும், பழைய பிரிண்டர் போர்ட் வகை என்றால் சிரமம். அந்த ஆபீஸில் டாங்கிள் இல்லை, தப்பித்தோம். உள்ளே ஓடும் எக்ஸ்பியை மட்டும் இணையத்தோடு இணைக்கவே கூடாது.

இமேஜ் போட்ட மறுவாரமே பிள்ளைகள் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள்.

விண்டோஸின் எஜுகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளில் யுடபிள்யூஎஃப் என்ற வசதி உண்டு. போட்டால் ரீஸ்டார்ட் செய்ததும் டிஸ்க் பழைய நிலைக்கே திரும்பும். அப்டேட் போடும்போது அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். மறந்தால் அப்டேட்டும் மறைந்துவிடும். பிள்ளைகளின் வேலையை வேறு இடத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை முக்கால் மணி நேரம் வரைந்த படம் ரீஸ்டார்ட்டில் காணாமல் போய், அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

இமேஜ் இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு?

இமேஜில் உங்கள் கோப்புகள் இல்லை. அது கணினி பிறந்த நாளன்று எடுத்தது, அதன் பிறகு நீங்கள் டைப் செய்த எதுவும் அதில் கிடையாது. இமேஜ் இறக்கும்போது அந்த டிஸ்க்கில் இருப்பது முழுக்க அழியும். இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் போகும். அதனால்தான் குளோன்ஸில்லா "உறுதியா?" என்று இரண்டு முறை கேட்கிறது. நான் இரண்டாவது முறை கேட்கும்போது நாற்காலியை விட்டு எழுந்து, கணினியின் மேல் ஒட்டிய எண்ணை ஒரு முறை பார்த்துவிட்டு வந்துதான் ஆம் என்று அழுத்துவேன்.

இமேஜை எங்கே வைப்பது, எப்போது புதுப்பிப்பது?

இரண்டு வெளி டிஸ்க்கில். ஒன்று என் கடையில், இன்னொன்று பள்ளி ஆபீஸின் இரும்பு அலமாரியில். தேதியும் விண்டோஸ் பதிப்பும் எழுதி ஒட்டியிருக்கும். எடுத்து முடித்ததும் குளோன்ஸில்லாவிலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் ஒரே ஒரு கணினியில் இறக்கிப் பாருங்கள். ஆண்டு இறுதி விடுமுறையில் சிஸ்பிரெப்புக்கு முந்தைய இமேஜை இறக்கி, அப்டேட் போட்டு, பயிற்சிப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி, புதிதாக எடுப்பேன். பழையதை உடனே அழிப்பதில்லை, அடுத்த விடுமுறை வரைக்கும் அலமாரியில் இருக்கட்டும்.